ராஜாவின் பேச்சை நான் தமிழில் சொன்ன காலை

ஐரோப்பா எங்களுக்கு முதலில் சாமானாகத்தான் வந்தது. ஸ்வீடன் தீப்பெட்டி, ஹாலந்து டின் பால், டென்மார்க் வெண்ணெய், இங்கிலீஷ் பிஸ்கட் டப்பா. பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஒரு ராஜாவோ ராணியோ சிரிக்காமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிஸ்கட் தீர்ந்ததும் அதில் கடுகு போட்டு வைப்போம். அந்தத் தேசங்களிலும் மனிதர்கள் இருக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பேசும்போது அவர்களுக்கும் இருமல் வருகிறது என்பதெல்லாம், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ரேடியோ வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்போது நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். கிள்ளானில் பிறந்தவள். அப்பா அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தேன். பதினாறு வயதில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஊருக்கெல்லாம் கொயினா மருந்து கொடுத்தவர், மலேரியாவிலேயே போய்விட்டார். அவரோடு இரண்டாவது தீபாவளி கூட எனக்கு வரவில்லை. வெள்ளைப் புடவையோடு நின்ற என்னை அண்ணன் ரயிலேற்றிக் கூட்டிவந்தார். அவர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி. அண்ணி என்னை அடுப்படியில் முடக்கிப் போடவில்லை. "படிச்ச படிப்பு கருவாடு வறுக்கவா?" என்று சொல்லி, பக்கத்திலிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவளே என்னை அழைத்துக்கொண்டு போய், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை வாங்கிக் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் இஞ்சின் டிரைவர். மாமா என்று கூப்பிடுவோம். கரியும் எண்ணெயும் ஊறிய கை, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். மாமாவுக்கு இரண்டு பக்திகள் இருந்தன. ஒன்று நீராவி இஞ்சின். இன்னொன்று இங்கிலாந்து ராஜா. அப்போதைய ராஜா இளவரசராக மலாயாவுக்கு வந்தபோது மாமா யார்டில் கரி தள்ளும் ஃபயர்மேனாக இருந்தாராம். அலங்கரித்த ரயில் கடந்து போகும்போது இளவரசர் ஜன்னல் வழியாக இவரைப் பார்த்துத் தலையசைத்தாராம். "என்னைத்தான் பார்த்தாரு. எனக்குப் பின்னாடி தண்ணித் தொட்டிதான் இருந்துச்சு," என்பார். அந்தத் தலையசைப்புக்காக வரவேற்பறைச் சுவரில் ராஜாவின் படம் சாமி படத்துக்குச் சமமான உயரத்தில் தொங்கியது.

அவருடைய மகன் தபால் தந்தி இலாகாவில் கம்பி வேலை பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். பேசினாலும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு மீதியை நாமே முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். வெளியூரிலிருந்து ஒவ்வொரு சாமானாக வரவழைத்து, பல மாதங்கள் குனிந்து உட்கார்ந்து, அவரே ஒரு ரேடியோ செய்தார். பின்கட்டு ஜம்பு மரத்திலிருந்து எங்கள் வீட்டுக் கூரை வரை ஒரு கம்பி இழுத்துக் கட்டினார். அதற்கு அனுமதி கேட்கத்தான் முதன்முதலாக வேலியருகே வந்து என்னிடம் பேசினார்.

"கூரையில ஒரு கம்பி... ஆபத்து ஒண்ணும் இல்ல... இடி இடிச்சா மட்டும்..."

"இடி இடிச்சா?"

"கழட்டிடுவேன்."

ஒரு சாயங்காலம் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வேலிக்கு மேல் காதில் மாட்டும் கருவியை நீட்டினார். இன்னும் ஸ்பீக்கர் வரவில்லை. நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வாங்கிக் காதில் வைத்தேன்.

"என்ன கேக்குது?"

"மழை பெய்யுது."

"மழை இல்ல, அது சும்மா இரைச்சல். இருங்க." உள்ளே ஓடிப்போய் எதையோ திருகினார்.

இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் மெல்ல ஏறி வந்தது. என்ன மொழியோ தெரியவில்லை. பாடிக்கொண்டிருந்தாள். அவள் இருக்கும் ஊரில் அப்போது மதியமாக இருக்கும் என்று அவர் திரும்பி வந்து சொன்னார். என் தலைக்கு மேல் ஜம்பு மரத்தில் பறவைகள் அடைந்துகொண்டிருந்தன. அவள் ஊரில் வெயில். இங்கே எனக்கு அந்தி. நான் கையில் ஈரப் புடவையோடு அப்படியே நின்றேன். கணவர் இறந்த பிறகு அன்றுதான் காரணமில்லாமல் சிரித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

ஸ்பீக்கர் வந்ததும் மாமாவின் வீட்டு வராந்தா சாயங்காலங்களில் நிரம்பிவிட்டது. மோட்டார் பட்டறை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்போம், ரேடியோவுக்கான பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து தருவார். தந்துவிட்டு அவரும் உட்கார்ந்துவிடுவார். என் அண்ணன் இங்கிலீஷ் செய்தியைத் தமிழில் சொல்வார். அவர் வேலையில் இருக்கும் நாட்களில் அந்த வேலை எனக்கு. நான் அடுப்படி வாசலில் நின்றபடியே சொல்வேன். ஆண்கள் முன்னால் வந்து உட்காரும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் என் குரல் வராந்தாவின் கோடி வரை போகும். பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

ஒரு நாள் ஹாலந்திலிருந்து ஒருவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனவர், நடுவில் திடீரென்று மலாயில் "செலாமட் மாலாம்", அதாவது இரவு வணக்கம், என்றார். தவுக்கே நாற்காலியிலிருந்து எழுந்து, ரேடியோவைப் பார்த்துக் கும்பிடாத குறையாக, "செலாமட் மாலாம், துவான்!" என்று பதில் சொன்னார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்து வந்த பாட்டு காதில் விழவில்லை.

ஜெர்மனியில் டீசல் எண்ணெயில் ஓடும் ரயில், இங்கே யாரும் நினைத்தும் பார்க்காத வேகத்தில் போகிறது என்று ஒரு செய்தி வந்தது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"கரி இல்ல, தண்ணி இல்ல, பொகை இல்ல. அப்புறம் அதுக்குப் பேரு எதுக்கு ரயிலு? பஸ்ஸுன்னு சொல்லச் சொல்லு."

இன்னொரு நாள் அதே ஜெர்மனியிலிருந்து ஒருவர் கத்தினார். அவர் கத்தக் கத்தக் கூட்டம் கடல் மாதிரி இரைந்தது. எங்களில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை.  மாமாதான் கடைசியில், "எதையோ விக்கிறான். வாங்காதீங்க," என்று சொல்லி நிறுத்தச் சொன்னார். ஸ்பெயினில் ஒரே தேசத்துக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சுட்டுக்கொள்கிறார்கள் என்று நான் சொன்னபோது, அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அங்க இஞ்சின் டிரைவருங்க எந்தப் பக்கம்மா?" அதற்கு ரேடியோ பதில் சொல்லவில்லை. மாமா அன்று சாப்பிடும்போதும் அதையே யோசித்தார் என்று அத்தை, அதாவது அவர் மனைவி, மறுநாள் சொன்னாள்.

இந்தக் காலத்தில்தான் மாமாவின் மகன் தன் அம்மாவிடம் என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தாமல் முழுதாகச் சொன்னாராம். அத்தை என் அண்ணியிடம் சொன்னாள். அண்ணி அண்ணனிடம் சொன்னாள். கடைசியில் மாமாவின் காதுக்குப் போனது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர். அவர் சொன்ன பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது.

"நல்ல பொண்ணுதான். அதுல எனக்கு ஒரு பேச்சும் இல்ல. ஆனா ஒருத்தன் தாலி கட்டி அறுத்த பொண்ணு. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பந்தியில உக்கார்றது?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் மறுநாளைக்கான கரும்பலகைத் துணியை அலசிக்கொண்டிருந்தேன். அலசி முடித்துக் காயப் போட்டேன். அழவில்லை. வேலியருகே மட்டும் அதன்பின் போகவில்லை. சாயங்காலம் செய்தி சொல்லப் போவதை நிறுத்தவும் இல்லை. மாமா கூப்பிடாமல் இருந்ததும் இல்லை. "அந்தப் பொண்ணை வரச் சொல்லு, இன்னிக்கு ஸ்பெயின் என்னாச்சுன்னு தெரியணும்," என்பார். அப்படித்தான் இருந்தது எங்கள் நிலைமை. குவாட்டர்ஸ் முழுவதற்கும் விஷயம் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பத்திரிகைகளில் ராஜாவின் விஷயம் வந்தது. ஏற்கெனவே இரண்டு கல்யாணம் செய்து விவாகரத்தான ஒரு பெண்ணை அவர் கட்டிக்கொள்ள விரும்புகிறார். மந்திரிகளும் பாதிரிமார்களும் கூடாது என்கிறார்கள். மாமா முதலில் நம்பவில்லை. "பேப்பர்க்காரன் பொழப்பு," என்றார். பிறகு ராஜா முடியையே துறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அவரே ரேடியோவில் பேசப்போகிறார். அவர்களுக்கு அது இரவு. எங்களுக்கு விடியற்காலை.

இருட்டு பிரியுமுன்பே வராந்தா நிறைந்துவிட்டது. மார்கழி வரப்போகும் ஈரக்காற்று. போர்வையோடு வந்தவர்கள், குளித்து விபூதி பூசி வந்தவர்கள். தவுக்கே பேட்டரியை முந்தின நாளே புதிதாகச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். அண்ணனுக்கு அதிகாலை வேலை. அதனால் தமிழில் சொல்வது என் பொறுப்பாயிற்று. மாமா வேலைக்குப் போகும் உடுப்போடு, சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் ரேடியோவின் முன் மண்டியிட்டுக் குமிழைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

குரல் வந்தது. களைத்த குரல். அலை போல ஏறி, இறங்கி, இரைச்சலில் மறைந்து, மீண்டும் வந்தது. நான் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே போனேன். இப்போதுதான் தன் சொந்த வார்த்தைகளில் பேச முடிகிறது என்கிறார். புது ராஜாவான தன் தம்பிக்கு விசுவாசமாக இருப்பேன் என்கிறார். பிறகு ஒரு வாக்கியம் வந்தது. அது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. என் வாய்தான் திறக்கவில்லை.

"என்னம்மா சொன்னாரு?" என்று மாமா திரும்பினார். "நின்னுபோச்சா? சொல்லும்மா."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். குமிழைப் பிடித்திருந்த முதுகு மட்டும் திரும்பவில்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொன்னேன்:

"தான் நேசிக்கிற பெண்ணின் துணை இல்லாம, ராஜாவா இருந்து இந்தப் பாரத்தைச் சுமக்க முடியலன்னு சொல்றாரு."

மீதிப் பேச்சையும் சொல்லி முடித்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. பேச்சு முடிந்து இரைச்சல் மட்டும் இருந்தது. அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தவுக்கே தலையை ஆட்டி ஆட்டி "காசியான்," என்றார். பாவம் என்று அர்த்தம்.

மாமா எழுந்தார். முகம் இஞ்சின் அடுப்பு மாதிரிச் சிவந்திருந்தது.

"எவனுங்க அவனுங்க? ஒரு ராஜா தனக்குப் புடிச்ச பொண்ணைக் கட்டிக்கக் கூடாதா? முன்னாடி கல்யாணம் ஆயிருந்தா என்ன? இவனுங்க வீட்டு அரிசியையா அவ திங்கப் போறா? ஊர் என்ன சொல்லும், ஊர் என்ன சொல்லும்னு பயந்து, தங்கமான மனுசனைத் தொரத்திட்டானுங்களே! ஒரு மனுசன் சந்தோசமா இருந்தா இவனுங்களுக்கு என்ன கேடு?"

 அவர் சொன்னது அவருக்கே அப்போதுதான் கேட்டது போலிருக்கிறது. வாய் திறந்தபடி நின்றார்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "இப்பச் சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்க. அடுப்பு ஊதுன சத்தத்துல சரியா கேக்கல."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஆனால் ஒருவர் சிரித்ததும் வராந்தாவே சிரித்தது. விஷயம் புரியாத தவுக்கேயும் சிரித்தார். நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். மாமா தூக்கை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் யார்டுப் பக்கம் நடந்தார். அன்று அவர் ஓட்டிய வண்டியின் விசில் வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டது என்று அண்ணி சொன்னாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. காதெல்லாம் என் இதயம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அதன்பின் பல நாட்கள் மாமா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ரேடியோ கேட்கவும் உட்காரவில்லை. சுவரிலிருந்த படத்தை மாற்றிப் புது ராஜாவின் படத்தை மாட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மாற்றவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணனிடம் கரி விலை பேசினார். மழை பேசினார். ஸ்பெயின் பேசினார். ஜெர்மனியின் டீசல் ரயிலை இன்னொரு தடவை திட்டினார். அண்ணி வைத்த காப்பி ஆறிப்போயிற்று. கடைசியில் அண்ணனை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, எல்லாரும் எல்லார்கிட்டயும் பேசிட்டாங்க. உன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா? உனக்கு இஷ்டமா?"

அப்போதுதான் எனக்கே தோன்றியது. அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. முதல் கல்யாணத்தின்போதும் கேட்டதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வி என்னிடம் வந்தது, அதுவும் வேண்டாம் என்று சொன்ன அதே மனிதரின் வாயிலிருந்து.

"இஷ்டம்தான் மாமா," என்றேன்.  உடனே சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "ஆனா பள்ளிக்கூட வேலைய விட மாட்டேன்."

"விடச் சொல்ல நான் யாரு? எங்க வீட்டுல ஒருத்தருக்காவது உலகத்துல என்ன நடக்குதுன்னு புரியணும்ல?" ஆறிய காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பி, "ராஜா பேச்சை நல்லாச் சொன்னேம்மா. ஒரு எடத்துல மட்டும்தான் நிறுத்திட்டே," என்றார்.

கல்யாணம் கிள்ளானில், ஒரு சிறிய கோயிலில் நடந்தது. மாப்பிள்ளையின் பெரியக்கா வரவில்லை. "தம்பிக்கு வேற பொண்ணா கெடைக்கல?" என்று கேட்டவர், பல வருஷம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அந்த வருத்தம் அத்தைக்குக் கடைசிவரை இருந்தது. வேறு சிலரும் தலைவலி, காய்ச்சல் என்று சொல்லி நின்றுகொண்டார்கள். ஆனால் குவாட்டர்ஸே திரண்டு வந்தது. தவுக்கே கூடை நிறையப் பட்டாசு கொண்டுவந்தார்.

அன்று காலை கிள்ளான் வண்டியை ஓட்டுகிற முறையை மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். மகனின் கல்யாணத்தன்று எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். "என் மருமகளை வேற எவனோ ஓட்டிக்கிட்டுப் போறதா?" என்றுவிட்டார். நாங்கள் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மலைபோல் குவிந்த கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். எனக்கு அண்ணி அரக்கு நிறப் புடவை கட்டிவிட்டிருந்தாள். வண்டி குவாட்டர்ஸைத் தாண்டும்போது விசில் ஆரம்பித்தது. பெட்டாலிங் ஸ்டேஷன் வரை நிற்கவில்லை. பத்து தீகா ஸ்டேஷனில் மீண்டும் ஒரு முறை. எதிரில் தண்டவாளத்தருகே புல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் பயந்து விலகி, பிறகு நாங்கள் கையசைப்பதைப் பார்த்து அவர்களும் அரிவாளைத் தூக்கி அசைத்தார்கள். நான் முகத்தை வெளியே நீட்டியதில் கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டது. தாலி கட்டும்போது ஒரு கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மணமகள் அழுகிறாள் என்று கிள்ளான் பெண்கள் உருகினார்கள். நான் அழவில்லை.

கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கி, வெயிட்டிங் ரூமில் உடுப்பை மாற்றிக்கொண்டு, காதுக்குப் பின்னால் கரியோடு பட்டு வேட்டியில் மாமா பந்தியில் உட்கார்ந்தார். அவர் மூஞ்சியை யாரும் குறை சொல்லவில்லை. இரண்டு தடவை பாயசம் கேட்டார்.

சில மாதம் கழித்து, முடி துறந்த அந்த ராஜா பிரான்ஸ் தேசத்தில் ஒரு மாளிகையில் அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். நான் செய்தியைத் தமிழில் சொன்னேன். மாமா கேட்டார், "ரெண்டு பக்கத்துச் சொந்தமும் வந்திருந்துச்சா?"

"அவர் வீட்டுலேருந்து ஒருத்தரும் வரலையாம் மாமா."

 மாமா, "நம்ம வீட்டுல பந்திக்கு இலை பத்தாமப் போச்சு," என்று மட்டும் சொன்னார். பெருமையா, இரக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

அதே வருஷக் கடைசியில் பத்திரிகையில் இன்னொரு படம் வந்தது. நாங்கள் கொண்டாடிய அந்த மனிதர் மனைவியோடு ஜெர்மனிக்குப் போய், ரேடியோவில் கத்தினாரே, அவர் வீட்டில் விருந்தாளியாகச் சிரித்துக்கொண்டு நின்றார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை ஆராய்ந்தார். "பொண்ணு பார்க்கத் தெரிஞ்ச மனுசனுக்கு ஆள் பார்க்கத் தெரியலையே," என்றார். அன்று சாயங்காலம் சுவரிலிருந்த படம் இறங்கியது. அந்த இடத்தில் வேறு எந்த ராஜாவும் ஏறவில்லை. ஆணி மட்டும் இருந்தது. பிறகு அத்தை அதில் முறத்தை மாட்டினாள்.

நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். வெகு தூரத்திலிருந்து பார்க்கும்போது அந்த மனிதர்கள் பிஸ்கட் டப்பா மூடியில் இருப்பவர்கள் மாதிரி அசையாமல் இருந்தார்கள். ரேடியோ அவர்களை அசைய வைத்தது. அவர்களும் எங்களைப் போலவே ஊருக்குப் பயந்தார்கள், வீட்டில் சண்டை போட்டார்கள், கூட்டத்தோடு சேர்ந்து கத்தினார்கள், தவறான வீட்டில் விருந்து சாப்பிட்டார்கள். அவர்களைப் பார்த்து நாங்கள் வாழக் கற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுச் சண்டை எங்களுக்குக் கேட்டது, அவ்வளவுதான். அந்தப் பெட்டி பிற்பாடு எத்தனையோ கெட்ட செய்திகளைக் கொண்டுவந்தது. ஆனால் அந்த ஒன்றிரண்டு வருஷங்கள் அது எங்கள் வராந்தாவைச் சந்தோஷமாக வைத்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு நான் அடுப்படி வாசலில் நிற்கவில்லை. அத்தை எனக்கென்று ஒரு நாற்காலியை ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டாள். "நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் உலகத்தைச் சொல்லுவே? உக்காந்து சொல்லு," என்றாள். மெல்ல மெல்லப் பக்கத்து வீட்டுப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். ஆண்களுக்கு யுத்தமும் ரயிலும் வேண்டியிருந்தது. பெண்களின் கேள்விகள் வேறு. பாரிஸில் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்கிறார்களாமே, எண்ணெய் செலவு மிச்சமா? ரஷ்யாவில் பிரசவத்துக்குக் காசு வாங்க மாட்டார்களாமே, நிஜமா? எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததற்கு என் கணவர் குமிழைத் திருப்பி வேறு தேசம் தேடுவார்.

"இந்த ஊரு என்னது?" என்று கேட்பேன்.

"தெரியல... ஏதோ பாட்டு... இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்," என்பேன்.